பழைய சயன்ஸ் ஃபிக்‌ஷன், ஃபேண்டஸி நாவல்கள்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் உட்கார்ந்துகொண்டு வேற்றுக்கிரகக் கதையும் டிராகன் கதையும் விடாமல் படிக்கிற ஆள் என்று எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. அக்கா பிள்ளைகள், வேலையிடத்து நண்பர்கள், கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் உட்காரும் சித்தப்பா என்று யார் கேட்டாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு தடவை எழுதிவைத்துவிட்டால் இனிமேல் அனுப்பிவிடலாம் பாருங்கள், அதற்காகத்தான் இது. பழையவை என்று நான் இங்கே சொல்வது பெரும்பாலும் 1980க்கு முன்னால் வந்தவற்றை. அதற்கு அப்புறம் வந்தவற்றிலும் நல்லவை நிறைய உண்டு, ஆனால் அவற்றைப் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

உர்சுலா கே. லெ குவின் 1968இல் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ'. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன், இதுவரை யாரும் சண்டைக்கு வரவில்லை. இருநூறு பக்கத்துக்குச் சற்று முன்பின் இருக்கும். தீவுகளும் கடலும் மட்டுமே உள்ள உலகம், எங்கே போவதென்றாலும் படகுதான். ஆடு மேய்த்த கெட் என்கிற பையன் மந்திரம் கற்கப் போகிறான், கூடப் படிப்பவனிடம் வீம்புக்குப் பந்தயம் கட்டி, செய்யக்கூடாத ஒன்றைச் செய்து ஒரு நிழலை வரவழைத்துவிடுகிறான். அப்புறம் அது அவனைத் தீவு தீவாகத் துரத்துகிறது. மந்திரப் பள்ளி என்றதும் கண்ணாடி போட்ட இன்னொரு பையன் உங்களுக்கு ஞாபகம் வரலாம். கெட் அவனுக்கு ஏறக்குறைய முப்பது வருஷம் மூத்தவன்.

நம் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. கெட் பழுப்பு நிறத்தவன். அவனுடைய நெருங்கிய நண்பன் வெட்ச் கறுப்பு. அந்த உலகத்தில் வெள்ளைத் தோல்காரர்கள் கப்பலில் வந்து ஊரைக் கொள்ளையடிக்கிறவர்கள். லெ குவின் இதைத் தண்டோரா போட்டுச் சொல்லவில்லை, போகிற போக்கில் ஓரிரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார். ஆனாலும் பல பதிப்புகளின் அட்டையில் கெட்டை வெள்ளைக்காரனாக வரைந்து வைத்தார்கள், 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் ஒரு வெள்ளைக்கார நடிகரைத்தான் போட்டார்கள். அம்மையார் அப்போது கோபமாக ஒரு கட்டுரையே எழுதினார். ஆகவே பழைய பதிப்பு கைக்கு வந்தால் அட்டையை நம்பாதீர்கள்.

நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவன், என் ஆங்கிலம் இதற்கெல்லாம் போதுமா?

போதும். ஐசக் அசிமோவும் ஆர்தர் சி. கிளார்க்கும் எழுதுகிற ஆங்கிலம் நாளிதழ் ஆங்கிலத்தைவிட எளிது. லெ குவின் தெளிவானவர், ஆனால் மெதுவாகப் படிக்கவேண்டியவர். எச். ஜி. வெல்ஸ் காலத்து வாக்கியங்கள் நீளம். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் மலை, புதர், பனி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய சொல் வைத்திருப்பார், ஒவ்வொன்றுக்கும் அகராதியைத் திறந்தால் கதை நகராது, தாண்டிப் போய்க்கொண்டே இருங்கள், பத்துப் பக்கத்தில் தானாகப் புரிந்துவிடும்.

வெல்ஸ், ஜூல்ஸ் வெர்ன், மேரி ஷெல்லி எல்லாம் காப்புரிமை முடிந்தவர்கள். தன்னார்வலர்கள் வாசித்த ஒலிநூல்கள் லிப்ரிவாக்ஸ் என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. காலையில் பினாங்குப் பாலத்தில் மாட்டிக்கொண்டு முன்னால் நிற்கும் காரின் பின்விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

தமிழில் இந்த மாதிரி கிடையாதா?

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வையும் அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வையும் படித்துவிட்டு வந்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள். ஜீனோ என்கிற இயந்திர நாய் நம் ஊர் சயன்ஸ் ஃபிக்‌ஷனில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம். தமிழில் ஃபேண்டஸி இல்லை என்று சொல்கிறவரைப் பார்த்தால் மட்டும் எனக்குச் சிரிப்பு வரும். மரத்தில் தொங்கும் வேதாளம் தோளில் ஏறிக்கொண்டு கதை சொல்லிக் கேள்வி கேட்பதை அம்புலிமாமாவில் படித்து வளர்ந்தவர்களும் அப்படிச் சொல்கிறார்களே!

இதிலே சொன்னதெல்லாம் தப்பாகிவிட்டதே, செவ்வாயில் யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு எதற்குப் படிக்கவேண்டும்?

அடிக்கடி வருவது இதுதான், எனக்குச் சொல்வதற்கு அதிகம் இருப்பதும் இதிலேதான்.

புத்தகத்தைத் திறந்ததும் முதலில் அது எழுதப்பட்ட வருஷத்தைப் பாருங்கள். 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' 1898இல் புத்தகமாக வந்தது. அந்த வருஷம் உலக வரைபடத்தில் எத்தனை இடத்துக்குப் பிரிட்டிஷ் சிவப்பு அடித்திருந்தார்கள் என்று யோசியுங்கள், நாம் இருக்கும் இந்தத் தீவும் அதில் ஒன்று. வெல்ஸ் என்ன செய்கிறார் என்றால், அந்தச் சாம்ராஜ்யத்தின் தலைநகரத்துக்குப் பக்கத்திலேயே செவ்வாய்க்காரர்களைக் கொண்டுவந்து இறக்கி, எதிர்த்து நிற்க முடியாத ஆயுதத்தோடு நடக்கவிடுகிறார். செவ்வாய்க்காரர்களைத் திட்டுவதற்கு முன்னால் ஐரோப்பியர்கள் டாஸ்மேனியாவின் பூர்வகுடிகளை ஐம்பது வருஷத்தில் துடைத்தழித்ததை நினைத்துப் பாருங்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடுகிறார். அதைப் படித்த பிறகு செவ்வாயில் ஆள் இருக்கிறதா இல்லையா என்பது யாருக்கு வேண்டும்?

இந்த நாவல்களில் பாதிக்கு மேல் யாரோ ஒருவர் கப்பலில் போய் வேறொருவர் மண்ணில் இறங்குகிற கதைதான். கப்பல் வானத்தில் போகிறது, அவ்வளவே வித்தியாசம். லண்டனிலோ நியூயார்க்கிலோ படிக்கிறவர் கேப்டன் பக்கத்தில் நின்றுகொண்டு படிப்பார். மலேசியத் தமிழன் எங்கே நிற்பது? நாம் கரையில் நின்ற பூர்வகுடி இல்லை, கேப்டனும் இல்லை. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, டெக்கில் பாய் விரித்துப் படுத்து, பினாங்கில் இறங்கிய பாட்டனின் பேரப்பிள்ளைகள். அதனால் விண்மீன் மண்டலம் முழுக்கப் பரவிய சாம்ராஜ்யம் என்று ஒரு நாவல் ஆரம்பித்தால் எனக்கு வருகிற முதல் சந்தேகம், அங்கே மூட்டை தூக்குவது யார், மண் வெட்டுவது யார் என்பதுதான். நல்ல நாவலில் அந்த ஆள் எங்கேயாவது தட்டுப்படுவார். தட்டுப்படவே இல்லை என்றால் அதுவும் அந்த எழுத்தாளரைப் பற்றி ஒன்று சொல்கிறது.

லெ குவினின் 'தி வேர்ட் ஃபார் வேர்ல்ட் இஸ் ஃபாரஸ்ட்' 1972இல், வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது வந்த குறுநாவல். காடே உலகமாக இருக்கும் ஒரு கிரகத்தில் பூமிக்காரர்கள் மரத்தை வெட்டி ஊருக்கு அனுப்புகிறார்கள், அங்கே வாழ்கிறவர்களையே வேலைக்கு அடிமையாக்குகிறார்கள். சரவாக்கில் மரம் ஏற்றிப் போகும் லாரிகளைப் பார்த்தவர்களுக்கு நான் மேலே விளக்கவேண்டியதில்லை.

மாமா, டியூன் நூறு பக்கத்தில் நின்றுவிட்டது, என்ன செய்வது?

என் அக்கா மகள் கேட்டது. பிறகு வேறு பலரும் கேட்டுவிட்டார்கள், நிற்கிற இடமும் ஏறக்குறைய அதேதான்.

முதலில் தெரிந்துகொள்ளுங்கள், ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் இந்த நாவலைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் 1965இல் புத்தகமாகப் போட்டது கார் ரிப்பேர் கையேடுகளுக்குப் பெயர்போன சில்டன் என்ற நிறுவனம். ஆகவே தடுமாறுவது நீங்கள் மட்டும் இல்லை. பின்பக்கத்தில் ஒரு சொல்லகராதி இருக்கிறது. அரபு வழிச் சொற்கள் பலவற்றை மலாய் பேசுகிற ஊரில் வளர்ந்த நாம் முன்னாலேயே கேட்டிருப்போம், அந்த வகையில் நமக்கு ஒரு சலுகை. அரண்மனைச் சதியெல்லாம் முடிந்து, பால் என்கிற கதாநாயகனும் அவன் அம்மாவும் பாலைவனத்துக்குத் தப்பி ஓடும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையா, விட்டுவிடுங்கள்.

இரண்டு இடங்களை மட்டும் தவறவிடாதீர்கள். ஒன்று, ஆரம்பத்திலேயே வருகிறது. மணலில் ஸ்பைஸ் (அந்த ஒரு பாலைவனக் கிரகத்தில் மட்டுமே கிடைக்கிற விலைமதிப்புள்ள பொருள்) அள்ளுகிற ராட்சத இயந்திரத்தை நோக்கி, மணலுக்கடியில் வாழும் பிரம்மாண்டப் புழு ஒன்று வந்துகொண்டிருக்கிறது, இயந்திரத்தைத் தூக்கிச் செல்லவேண்டிய விமானம் வரவில்லை. பாலுடைய அப்பா டியூக் லெட்டோ, ஸ்பைஸ் போனால் போகட்டும் என்று சொல்லி, தம்முடைய வானூர்திகளில் இருக்கும் கனமான சாமான்களைத் தூக்கியெறியச் செய்து தொழிலாளர்களை ஏற்றிக்கொள்கிறார். அத்தனை விலைமதிப்புள்ள சரக்கைப் புழு விழுங்கிவிடுகிறது. இந்த மனிதர் ரொம்ப நாள் உயிரோடு இருக்கமாட்டார் என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. நம் தாத்தாக்கள் சொன்ன எஸ்டேட் துரை கதைகளில் இப்படி ஒரு துரையைக் கேட்டதே இல்லை.

இன்னொன்று, பால் ஓர் ஆளைச் சண்டையில் கொன்றுவிட்டு அவனுடைய ஈமச்சடங்கில் நிற்கும்போது கண்ணீர் விடுகிற இடம். உடம்பின் வியர்வையைக்கூட உடையில் பிடித்துச் சுத்தம்செய்து குடிக்கிற பாலைவன மக்கள் அவர்கள், செத்தவனுக்காக ஒருவன் நீரைச் சிந்துகிறானே என்று திகைத்துப்போய் அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள். மின்விசிறி முழு வேகத்தில் ஓடியும் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிற பினாங்கு மத்தியானத்தில் படித்தால் அது இன்னும் நன்றாக ஏறும்.

ரப்பர்த் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்தவர்கள் டியூனைப் படித்தால் உடனே கேட்கிற ஒன்று உண்டு: ஸ்பைஸ் உண்டாவதே அந்தப் புழுவால்தான் என்றால், அதைக் கொண்டுபோய் வேறு கிரகத்தில் ஏன் யாரும் வளர்க்கவில்லை? நமக்கு அது தோன்றாமல் எப்படி இருக்கும்? 1876இல் பிரேசிலிலிருந்து விதை எடுத்துப் போனார்கள், லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்தார்கள், 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன, பிறகு மலாயா முழுக்கப் பால்மரம், மரத்தடியில் நாம். ஒரே இடத்தில் விளைவதால்தான் ஒரு பொருளுக்கு மதிப்பு என்றால் அதைத் திருடி வேறு இடத்தில் வைப்பவன் வருவான், வரலாறு அப்படித்தான் நடந்திருக்கிறது. ஹெர்பர்ட்டுக்கும் இது தெரிந்துதான் இருக்கிறது, 1985இல் வந்த ஆறாவது நாவலில் அதைத்தான் செய்யவைக்கிறார். அதுவரை படிக்கவேண்டுமா என்றால் வேண்டாம். இரண்டாவது நாவல், 1969இல் வந்த 'டியூன் மெசையா', அதோடு நிறுத்திக்கொள்ளலாம். முதல் நாவலில் பாலை ரசித்துக் கைதட்டியவர்கள் இரண்டாவதை அவசியம் படிக்கவேண்டும், எதற்குக் கைதட்டினோம் என்று தெரியும்.

லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் ரொம்ப நீளம் இல்லையா?

ஐந்து பாகம் பொன்னியின் செல்வனைப் படித்துவிட்டு, நந்தினி என்ன ஆனாள் என்று இன்னமும் சண்டை போடுகிற கூட்டம் நாம். நமக்கு என்ன நீளம்? கல்கியின் தொடர் 1954 மே மாதம் முடிந்தது, டோல்கீனின் முதல் பாகம் அதே வருஷம் ஜூலையில் வெளிவந்தது. டோல்கீன் அதை ஒரே நாவலாகத்தான் எழுதினார், போருக்குப் பிந்தைய காலத்தில் காகித விலையும் நஷ்ட பயமும் சேர்ந்து பதிப்பாளர் மூன்றாகப் பிரித்தார். ஆகவே முதல் புத்தகத்தை மூடும்போது முடிவே இல்லையே என்று கோபப்படவேண்டாம்.

முன்னுரையில் ஹாபிட்டுகள் என்கிற குள்ள மனிதர்களின் புகையிலை வரலாறு வரும், அதைத் தாண்டிவிடுங்கள். டாம் பாம்படில் வரும் அத்தியாயங்களில் கதை நின்றுபோன மாதிரி இருக்கும், இருக்கட்டும். பாட்டுகளை விருப்பம்போல. ஆனால் கடைசியில், எல்லாம் முடிந்து கதையின் நான்கு ஹாபிட்டுகளும் ஊர் திரும்பும்போது அங்கே மரமெல்லாம் வெட்டப்பட்டு, அடியாட்கள் ஆட்சி நடத்துகிற பகுதி இருக்கிறதே, அதை எக்காரணம் கொண்டும் தாண்டாதீர்கள். திரைப்படத்தில் அது இல்லை. முதல் உலகப்போரில் சோம் யுத்தகளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஓர் ஆள் எழுதியது அது.

ஃபவுண்டேஷன்?

அசிமோவ் எழுதியது. நல்ல யோசனை, சுமாரான நாவல். ரோம சாம்ராஜ்யம் விழுந்ததை விண்மீன் மண்டலத்துக்குப் பெரிதாக்கி, முப்பதாயிரம் வருஷத்து இருண்ட காலத்தை ஆயிரமாகக் குறைக்க ஒரு கணித மேதை திட்டம் போடுகிறார். அந்த யோசனை இன்றைக்கும் மயிர்க்கூச்செறிய வைக்கும். ஆனால் அறையில் உட்கார்ந்து ஆண்கள் பேசுகிறார்கள், எழுந்து வேறு அறைக்குப் போய்ப் பேசுகிறார்கள். முதல் புத்தகத்தில் பெண்களைத் தேடத்தான் வேண்டும். 1940களில் ஒரு பத்திரிகையில் கதை கதையாக வந்தவை என்பதை மனதில் வைத்தால் கொஞ்சம் மன்னிக்கலாம். இரண்டாவது புத்தகத்தில் மியூல் என்கிற பாத்திரம் வரும் பகுதிவரை போய்விட்டால் மிச்சம் தானாக ஓடும்.

அப்போது பெண்கள் எழுதவே இல்லையா?

இந்த வகையை ஆரம்பித்து வைத்ததே ஒரு பெண் என்று சொல்வார்கள், நானும் அந்தக் கட்சி. மேரி ஷெல்லி 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுத ஆரம்பித்தபோது பதினெட்டு வயது, 1818இல் பெயர் போடாமல் வெளியானது. இதில் நம் பக்கத்துச் சங்கதி ஒன்றும் இருக்கிறது. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது, அந்தத் தூசி வானத்தை மூடி அடுத்த வருஷம் ஐரோப்பாவில் கோடைக்காலமே இல்லாமல் போயிற்று. ஜெனீவா ஏரிக்கரைக்கு விடுமுறைக்குப் போன ஷெல்லியும் நண்பர்களும் மழையில் வெளியே போக முடியாமல் வீட்டுக்குள் அடைந்துகிடந்து, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று பேசிக்கொண்டார்கள். நுசாந்தாராவில், அதாவது நம் மலாய்த் தீவுக்கூட்டத்தில், எரிமலை வெடிக்காமல் இருந்திருந்தால் அந்தப் பிசாசு பிறந்திருக்குமா என்பது சந்தேகம்.

இன்னொரு பெயர் ஆக்டேவியா பட்லர். 1979இல் வந்த 'கிண்ட்ரெட்'. கலிஃபோர்னியாவில் வாழும் கறுப்பினப் பெண் டேனா திடீர் திடீரென்று அடிமைக் காலத்துத் தோட்டம் ஒன்றுக்கு இழுக்கப்படுகிறாள். கால இயந்திரம் கிடையாது, விளக்கமும் கிடையாது. அங்கே அவள் காப்பாற்றவேண்டியிருக்கும் வெள்ளைக்காரப் பையன் அவளுடைய மூதாதைகளில் ஒருவன், அவன் செத்தால் இவள் வம்சமே இல்லை. தோட்டம், கண்காணி, கடன் என்று வீட்டில் பெரியவர்கள் அரைகுறையாகச் சொல்லி நிறுத்திக்கொண்ட கதைகள் உள்ளவர்கள் இதை ஒரே மூச்சில் படிப்பார்கள். அடிமை முறையும் ஒப்பந்தக்கூலியும் ஒன்றில்லை, அதைக் கலக்காதீர்கள். ஆனால் இப்போது வசதியாக இருக்கிறவள் அந்த மண்ணில் போய் நின்றால் எவ்வளவு சீக்கிரம் குனியப் பழகிவிடுகிறாள் என்று பட்லர் காட்டும் இடம் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

நம் பக்கத்து ஆட்கள், நம் பக்கத்து ஊர் வருகிற மாதிரி எதுவும் உண்டா?

உண்டு. ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்குக் குடிவந்து 2008இல் அங்கேயே காலமானவர். 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' (1979) நாவலில் விண்வெளிக்குப் போக லிஃப்ட் கட்டுகிறார்கள். அதற்கு நிலநடுக்கோடு வேண்டும் என்பதால், மனிதர் இலங்கையையே தெற்கே 800 கிலோமீட்டர் நகர்த்தி வைத்துவிட்டுக் கதையை ஆரம்பிக்கிறார். சிகிரியா பாறையும் சிவனொளிபாத மலையும் வேறு பெயரில் வருகின்றன. பூமியைச் சுற்றி ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும் செயற்கைக்கோள் வழியாக உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று 1945இலேயே கட்டுரை எழுதியவரும் அவர்தான். மழை வந்ததும் தொடர் நடுவில் படம் நின்றுபோய் அம்மா திட்டுகிற கூரைத்தட்டுக்கு ஒருவகையில் அவர்தான் பொறுப்பு.

இன்னொருவர், ஜூல்ஸ் வெர்னின் கடலடிக் கதையில் நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பலை ஓட்டும் கேப்டன் நெமோ. அவரை ஐரோப்பியர் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜூல்ஸ் வெர்ன் முதலில் போலந்துக்காரராக வைக்க நினைத்தார், ரஷ்யாவில் விற்பனை கெடும் என்று பதிப்பாளர் விடவில்லை. பிறகு 'தி மிஸ்டீரியஸ் ஐலண்ட்' நாவலில் அவர் டக்கார் என்ற இந்திய இளவரசர், 1857 கிளர்ச்சியில் வெள்ளையரை எதிர்த்துக் குடும்பத்தை இழந்தவர் என்று தெரிகிறது. அதைத் தெரிந்துகொண்டு நாட்டிலஸ் கப்பலுக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள், அந்தக் கோபத்துக்கு முகவரி கிடைத்துவிடும்.

எங்கே வாங்குவது?

பினாங்கில் சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. வரிசையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், பள்ளிப் பாடநூலுக்கும் சமையல் புத்தகத்துக்கும் நடுவில்தான் செவ்வாய்க்கிரகம் இருக்கும். வாங்குமுன் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், நடுவில் விரித்துப் பசை விடுகிறதா என்று பாருங்கள், ராமபாணப் பூச்சி இருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள், வீட்டில் உள்ள மற்றவற்றையும் தின்றுவிடும். கோலாலம்பூர்க்காரர்களுக்கு இன்னும் வசதி. புதிதாக வேண்டுமென்றால் கேஎல்சிசி கினோகுனியா, காசு கொடுக்காமல் படிக்க ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய நூலகம்.

வெர்னை இணையத்தில் இலவசமாக இறக்குகிறவர்கள் மொழிபெயர்த்தவர் பெயரைப் பார்க்கவேண்டும். கடலடிக் கதைக்கு 1870களில் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு மூலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை வெட்டித் தள்ளியது, இலவசமாகச் சுற்றுவது பல இடங்களில் அதுதான். வெர்ன் சுவாரஸ்யமே இல்லை என்று சொல்கிற பலர் வெர்னைப் படிக்கவே இல்லை.

படம் பார்த்தால் போதாதா?

பாருங்கள். டியூன் படம் நன்றாகவே இருக்கிறது. புத்தகம் எங்கேயும் ஓடிவிடாது.

பிள்ளைகளுக்கு?

ஆறாம் ஆண்டு, படிவம் ஒன்று என்றால் 'தி ஹாபிட்' (1937), அப்புறம் எர்த்சீ. படித்து முடித்ததும் சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள், அதோடு அந்தப் பிள்ளை புத்தகத்தையே வெறுத்துவிடும்.

பாதியில் நிறுத்தினால் தப்பா?

தப்பே இல்லை. பிடிக்காத புத்தகத்தை முடித்துக் காட்டினால் யாரும் மாலை போடப்போவதில்லை.

உங்களிடம் இரவல் கிடைக்குமா?

வெல்ஸ், அசிமோவ், கிளார்க் எடுத்துக்கொள்ளலாம், திருப்பித் தராவிட்டாலும் சௌராஸ்தாவில் மறுபடி மாட்டும். டியூனை அக்கா மகள் வைத்திருக்கிறாள், அவளிடம் கேட்டுப் பாருங்கள். எர்த்சீ மட்டும் தரமாட்டேன்.